காரட் தலைகளுக்குப் பின்னால்

தண்ணீர் மாற்ற வேண்டும், முதலில் புதினாவுக்கு, அதுதான் சீக்கிரம் நாறுகிறது, பிறகு வெங்காயத் தாளுக்கு, பிறகு காரட் தலைகளுக்கு, அவை தட்டில் உட்கார்ந்திருக்கின்றன, அடி நனைந்தால் போதும், அதிகம் ஊற்றினால் அழுகிவிடும், போன மாதம் அப்படித்தான் நான்கு அழுகின, கையில் எடுத்தபோது கொழகொழவென்று விரலிடுக்கில் வழிந்து, சீ, அந்த வாசனை சோப்புப் போட்டும் போகவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு மேல் அம்சா கூப்பிடுவாள். அங்கே கனடாவில், கால்கரியில் அப்போது சனிக்கிழமை ராத்திரி. பேத்தியைத் தூங்கவைத்து, பாத்திரங்களை மெஷினில் அடுக்கி, மகள் மஞ்சரியும் மாப்பிள்ளையும் படுக்கப் போன பிறகு பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிடுவாள். வெளியே பனி கொட்டுது என்பாள். மார்ச் மாதத்திலா என்பேன். சேலையூரில் இப்போதே வேர்க்கிறது என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும், பிறகு செடிதான். ஆனால் இன்றைக்கு அப்படித் தப்பிக்க முடியாது. போன வாரம் கேட்டுவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கறதுக்கு விசா ஆபீஸுக்கு எழுதிக் கேக்கணுமாம். மஞ்சரி என்னம்மா முடிவுங்கறா. நான் என்னங்க சொல்லட்டும்? நீங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துடறேன்." கேக்கலை அம்சா, விட்டு விட்டுக் கேக்குது, ஹலோ, ஹலோ என்றேன். எனக்கு நன்றாகக் கேட்டது. அவளுக்குப் பின்னால் ஹீட்டர் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. "சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதோ வந்து அடுப்படியில் நிற்கிறது.

புதினா வேர் இன்று இன்னும் நீண்டிருக்கிறது. டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், பொதுப்பணித்துறையில் வரைபடம் போடும்போது இருப்பதிலேயே மெல்லிய பேனாவை எடுத்து மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்கிற கோடு போல, தண்ணீருக்குள் வெள்ளையாக. இதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், மஞ்சரி வேலைக்குத் திரும்பிப் போகும்வரை, குழந்தைக்குக் கொஞ்சம் விவரம் தெரிகிறவரை. ஆறு மாதம் ஒரு வருஷமாயிற்று, ஒரு வருஷம் இரண்டாயிற்று, இப்போது மஞ்சரி வயிற்றில் இரண்டாவது. அவள் போன புதிதில் எனக்கு ரசம் மட்டும்தான் வைக்க வரும். ஒரு நாள் அதில் போடப் புதினா இலையைக் கிள்ளிக்கொண்டு காம்பை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன், ஏன் போட்டேன், குப்பைக்கூடை நிறைந்திருந்தது, அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கணுக்கணுவாக வேர். யாரோ வீட்டுக்குள் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதற்குப் பிறகு எதையும் போட மனசு வரவில்லை. வெங்காயத் தாளின் அடிக்கட்டை, முட்டைக்கோஸின் தண்டு, முளைவிட்ட இஞ்சி, சுருங்கிப்போன சேப்பங்கிழங்கு, எதிர் ஃபிளாட் ரெஜினா டீச்சர் அன்னாசிப் பழம் அரிந்து வெளியே வைத்த கொண்டை, அதைக்கூட அவர்கள் பார்க்காத நேரமாகப் போய் எடுத்துவந்தேன், அறுபத்திரண்டு வயசில் அடுத்த வீட்டுக் குப்பையில் கை வைத்தேன். சர்க்கரைவள்ளி மட்டும் பாட்டிலை விட்டு இறங்கி ஜன்னல் கம்பியில் ஏறி கரண்ட் மீட்டர் வரைக்கும் போய்விட்டது. அம்சாவின் டம்ளர்கள், டபராக்கள், ஊறுகாய் ஜாடி, கல்யாணத்துக்கு அவள் அம்மா வீட்டில் கொடுத்த பித்தளைக் கிண்ணம், எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. நான் மட்டும் பிளாஸ்டிக் கப்பில் காபி குடிக்கிறேன்.

காரட்டில்தான் ஏமாந்தேன். தலையை வெட்டித் தட்டில் வைத்ததும் இரண்டே நாளில் பச்சை கிளம்பியது. கீழே காரட் இறங்கும் என்று நினைத்தேன். தினம் காலையில் தூக்கி அடியைப் பார்ப்பேன். அடியில் மயிர் போல இரண்டு வேர், அவ்வளவுதான். மஞ்சரியிடம் சொன்னபோது அவள் அங்கே சிரித்துச் சிரித்து, மடியிலிருந்த குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. "அப்பா, காரட் திரும்ப வராதுப்பா. இலைதான் வரும். உங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" தெரியாது. தெரிந்த பிறகும் தூக்கிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. அம்சாதான் போனைப் பிடுங்கி, "இலை வந்தாப் போதாதா, துவையல் அரைங்க" என்றாள். அரைத்தேன். கசந்தது. நல்லா இருக்கு என்று சொன்னேன். போனில் ருசி தெரியாது என்பது எவ்வளவு சௌகரியம், ஜுரம் தெரியாது, வாடை தெரியாது, வீடு எவ்வளவு நிசப்தமாக இருக்கிறது என்பதும் தெரியாது, பேசுகிற நேரத்தில் சத்தம் இருக்கத்தானே செய்யும்.

மணி அடிக்கிறாள், செல்லக்கிளி, குப்பை வண்டி. நேற்று மாலை கடையில் மீதிச் சில்லறை கேட்டதற்குப் பிறகு யாரிடமும் நான் பேசவில்லை என்பது கதவைத் திறந்து வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, தொண்டையில் சளி கட்டியது போலக் கரகரப்பு. பிளாஸ்டிக் கவர்கள் இருந்த நீலக் கூடையை வாங்கிக்கொண்டாள். பச்சைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "இன்னா சார், உங்க வூட்ல மக்குற குப்பையே வர்றதில்ல. சமைக்கறீங்களா, இல்ல காத்தைக் குடிச்சுட்டுக் கெடக்கறீங்களா?" சமைக்கிறேன், எல்லாம் திரும்ப வளர்க்கிறேன் என்றேன். அவள் கண் என் நெற்றிக்குப் போயிற்று. போன வாரமும் போனது, அதற்கு முந்தின வாரமும். கதவில் இடித்துக்கொண்டேன் என்று அப்போது சொல்லியிருந்தேன். "தையல் பிரிச்சுட்டாங்களா?" என்றாள். ஆம் என்றேன். "ஒண்டியா இருக்கறவங்க உள்தாப்பா போடாதீங்க சார். நாலாவது தெருவுல அந்தப் பெரியவர் கதவை ஒடைச்சுத்தான்..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, கூடையை வாசலில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். எந்தப் பெரியவர் என்று கேட்கவில்லை. கேட்காததால் இப்போது அவருக்கு என் முகம் வந்துவிட்டது. உள்தாழ்ப்பாள் போடாமல் படுத்தால் திருடன் வருவான் என்று தூக்கம் வருவதில்லை. போட்டுக்கொண்டு படுத்தால், உடைக்கிற சத்தம் கேட்கிறது, யாரோ கடப்பாரையால் நெம்புகிறார்கள், நான் உள்ளே இருந்து, இருங்க இருங்க கதவு வீணாகுது என்று கத்துகிறேன், அவர்களுக்குக் கேட்கவில்லை. எழுந்துபோய் எடுப்பேன். வந்து படுப்பேன். மறுபடி போய்ப் போடுவேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது, அந்தத் தெரியாததுதான் பயம். செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சமையல். உருளைக்கிழங்குத் தோல் ஒன்று கீழே விழுந்தது, அதில் ஒரு முளைக்கண் விட்டிருந்தது, குனிந்து எடுத்தேன், நிமிர்ந்தேன். நிமிர்ந்தது வரை ஞாபகம் இருக்கிறது. பிறகு கன்னத்தில் தரை. முதலில் சுகமாக இருந்தது, அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த வெயிலில் தரை அவ்வளவு குளிர்ச்சி. எங்கோ ஒரு குக்கர் கத்திக்கொண்டிருந்தது, யார் வீட்டிலோ அடுப்பை அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எனக்கு நேரே கேஸ் சிலிண்டரின் அடி. அதற்குப் பின்னால் இருட்டில் ஒரு வெங்காயம். எப்போது உருண்டு போனதோ. அதிலிருந்து நீளமாக ஒரு முளை, பச்சையே இல்லாமல், பால் நிறத்தில், சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் வருகிற சந்தைப் பார்த்து வளைந்திருந்தது. நானும் அதுவும் எவ்வளவு நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியாது. அம்சா என்று கூப்பிட்டேன். அடுத்த அறையில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற சத்தத்தில்தான் கூப்பிட்டேன், கொஞ்சம் சலிப்போடுகூட, எங்கே போய்விட்டாய் என்பது போல. பதில் வராததும்தான் அவள் எங்கே இருக்கிறாள் என்று ஞாபகம் வந்தது. கால்கரி. அந்தச் சொல்லே அந்தத் தரையில் கிடந்தபோது நாக்கில் புரளவில்லை. கத்துவது என் குக்கர்தான் என்பது பிறகு தெரிந்தது, சாதம் தீய்கிற வாடை வந்த பிறகு. அடுப்பு மேடையைப் பிடித்து எழுந்தேன். அடுப்பை அணைத்தேன். ரத்தம் டைல்ஸ் இடுக்குகளில் கோடு கோடாகப் போயிருந்தது. டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு துணியை எடுத்து அதையெல்லாம் துடைத்தேன். யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று துடைத்தேன்?

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். தையல் போட்டார், படம் எடுத்துப் பார்த்தார், பிரஷர் மாத்திரையைக் குறைத்தார், மயக்கம் மறுபடி வரலாம், வராமலும் போகலாம் என்றார். "வீட்ல கூட யாரு இருக்கா?" என்று கேட்டார். மனைவி என்றேன். பட்டென்று வந்தது. பொய் என்றே தோன்றவில்லை. "அவங்களை வரச் சொல்லுங்க, கொஞ்சம் பேசணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்து அந்தத் தெருப் பக்கமே போகாமல், தையலை வேறு இடத்தில் பிரித்துக்கொண்டேன். ஆட்டோவில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன், நான் எழுந்திருக்காமல் போயிருந்தால் முதலில் யாருக்குத் தெரிந்திருக்கும்? செல்லக்கிளி மணி அடித்துப் பார்த்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார் என்று போயிருப்பாள். பால் பாக்கெட் வாசலில் கிடந்து வெடித்திருக்கும். அதற்கும் முன்னால் காரட் தட்டில் தண்ணீர் வற்றியிருக்கும். அம்சாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான். ரிங் போய்க்கொண்டே இருக்கும். தூங்கறார் போல என்று மஞ்சரி சொல்லியிருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நெற்றியில் பாண்டேஜோடு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுத்தேன். எடுத்தவுடனே காமிராவைத் திருப்பிக் காரட் தட்டுக்கு நேராகப் பிடித்தேன். இதைப் பாரேன் அம்சா, இலை எப்படிப் பொங்கி நிக்குது பாரேன். என் குரல் மட்டும் அதற்குப் பின்னாலிருந்து போயிற்று. அவ்வளவு சுலபமாக இருந்தது. அடுத்த வாரமும் அதேபோல, இஞ்சி, சேப்பங்கிழங்கு, அன்னாசி, வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினேன், தோட்டக்கலைக் கண்காட்சி மாதிரி.

சொன்னால் வந்துவிடுவாள். அதுதான் கஷ்டம். சொல்லாமல் இருந்தாலும் அவள் வர வேண்டும் என்று இருக்கிறது, அது அதைவிடக் கஷ்டம். மஞ்சரிக்கு அடுத்த மாதம். வீட்டில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒரு குழந்தை, மாப்பிள்ளைக்கு மாசத்தில் பாதி நாள் வேறு ஊரில் வேலை. அம்சா இல்லாவிட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள். நான் வளர்ந்த ஆள், இரண்டு தையல், அது ஆறியும் விட்டது, இதற்குப் போய். இருந்துவிட்டு வா என்று சொல்லிவிட வேண்டும். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். இதை இந்த வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், குளிக்கும்போது, வெங்காயத் தாளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது. நல்லாத்தான் இருக்கேன் என்பதில் அந்தத் 'தான்' கொஞ்சம் இடிக்கிறது. நல்லா இருக்கேன். இப்படிச் சொன்னால் சந்தோஷமாக இருப்பது போல ஆகிவிடுகிறது, அவள் மனசு வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். ஒரு தடவை சும்மா, எப்படி இருக்கிறது என்று பார்க்க, வா என்று சொல்லிப் பார்த்தேன். ஒற்றை எழுத்து. அடுப்படியில் அது எதிரொலித்தது. காதில் விழுந்ததும் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

போன் அடித்தபோது கையில் பித்தளைக் கிண்ணம். துடைத்துக்கொண்டு எடுத்தேன், எடுத்த கையோடு காமிராவைத் திருப்பினேன். "அம்சா, முட்டைக்கோஸ் பாரு, நடுவுல குருத்து விட்டிருக்கு." "ம்" என்றாள். "இது இஞ்சி. இலை மூங்கில் மாதிரி இருக்கில்ல?" "ம்." "அங்க இன்னிக்குப் பனியா?"  மெதுவாக, "என்னங்க" என்றாள். "சொல்லு." "மூணு வாரமாச் செடியவே பாத்துட்டிருக்கேன். உங்க மூஞ்சியக் காட்டுங்க."  "இங்க வெளிச்சம் பத்தலை." "பரவால்ல." "ஷேவ் பண்ணலை அம்சா." "அந்த மூஞ்சியத்தான இத்தனை வருஷமாப் பாத்தேன். திருப்புங்க." பட்டன் எங்கே என்று தெரியாததுபோல் கட்டைவிரலை அங்கும் இங்கும் நகர்த்தினேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவள் காத்திருக்கும்போது மூச்சு ஒரு மாதிரி வரும், அது கேட்டது. திருப்பினேன். மூலையில் சின்னதாக என் முகம் வந்தது, வெள்ளைத் தாடி, நெற்றியில் பழுத்த இலை நிறத்தில் ஒரு திட்டு, அதன் நடுவே தழும்பு. அம்சா போனைக் கிட்டே கொண்டுபோனாள். ஒரு கண்ணும் பாதிப் பொட்டும்தான் தெரிந்தது. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "எப்போ?" என்றாள். "போன மாசக் கடைசி." "எங்க?" "அடுப்படில." "யாரு தூக்கினாங்க?"

கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்ல வாயில் தயாராக இருந்தது. அவள் அதையா கேட்டாள். யார் தூக்கியது என்று கேட்டாள். "யாரும் இல்ல. நானே எழுந்துட்டேன்" என்றேன். "எவ்ளோ நேரம் கெடந்தீங்க?" "தெரியல அம்சா. சாதம் தீய்ஞ்சு போச்சு." அதைச் சொல்லும்போதுதான் என் குரல் உடைந்தது, ரத்தத்துக்கு இல்லை, சாதத்துக்கு. அவள் ஸ்வெட்டர் கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சத்தம் வெளியே போனால் மஞ்சரி எழுந்துவிடுவாள்.  பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டாள். "வரட்டுமா?" வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "வா" என்றேன். "பயமா இருக்கு அம்சா. வந்துடு." சொல்லிவிட்டு, மஞ்சரி, பாவம், அவளுக்கு என்று ஏதேதோ உளறினேன். "உளறாதீங்க" என்றாள். "கொழந்தை பொறக்கட்டும். அவ எழுந்து நடமாடற வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டேன். எழுதிக் கேக்க வேணாம்னு காலையில மஞ்சரிகிட்டச் சொல்லிடறேன்." "அவ வருத்தப்படுவா." "படட்டும். அவளுக்குப் புருஷன் இருக்கான், நானும் அவளும் பேசிக்கறோம். நீங்க இப்ப ஒரு சாவிய எடுங்க." எந்தச் சாவி என்றேன். "வாசக்கதவுச் சாவிதான். பீரோவுல ரெண்டாவது ஒண்ணு இருக்கு. எதிர்வீட்டு டீச்சர்கிட்டக் குடுங்க. இப்பவே. நான் வைக்க மாட்டேன்."

போனைக் கையில் பிடித்துக்கொண்டே போய் எதிர்க்கதவைத் தட்டினேன். இந்த இரண்டு வருஷத்தில் அந்தக் கதவை நான் தட்டியதே இல்லை. ரெஜினா டீச்சர் சர்ச்சுக்குப் போய்வந்த புடவையோடு, மாவுக் கையோடு வந்தார்கள். "டீச்சர், இது எங்க வீட்டுச் சாவி. உங்ககிட்ட இருக்கட்டும்" என்றேன். ஏன் என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தார்கள், போனில் அம்சாவைப் பார்த்தார்கள், புறங்கையால் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "அம்சாக்கா, நான் அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன். சார் முகத்தைப் பாத்தா கேக்கப் பயமா இருந்திச்சு" என்றார்கள். என் முகத்தைப் பார்த்தால் பயமா? "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கதவைத் தட்டுங்க டீச்சர். தொறக்கலேன்னா நீங்களே தொறந்து உள்ள போயிடுங்க" என்றாள் அம்சா, என்னைக் கேட்காமலே. உள்தாழ்ப்பாள் போட்டால் சாவியால் திறக்க முடியாதே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, "உள்தாப்பா போடக்கூடாது, கேட்டுதா?" என்றாள். கேட்டது. இந்தத் தடவை கேட்டது என்றே சொன்னேன்.

திரும்பி வந்ததும், போனை எங்கேயாவது சாய்த்து வைத்துவிட்டுச் சமையலைப் பாருங்க, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்றாள். தூங்கவில்லையா என்றதற்கு, எனக்கு என்ன தூக்கம் என்றாள். சேப்பங்கிழங்கு ஜாடியில் சாய்த்து வைத்தேன். வெங்காயத் தாளை அடியிலிருந்து இரண்டு விரல் விட்டு வெட்டினேன், கட்டைகளை மறுபடி தண்ணீரில் போட்டேன். "பொடியா நறுக்குங்க" என்றாள். பாசிப்பருப்பை வேக வைத்தேன். "உப்பு இப்பப் போடாதீங்க." சரி. "பின்னாடி அந்தக் கொடி என்னது, மீட்டர் மேலயா ஏறியிருக்கு? ஷாக் அடிக்கப் போகுது." சர்க்கரைவள்ளி என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எனக்கு நறுக்குகிற வேலை, கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து நானும் பேசவில்லை. பருப்பு பொங்கி அடங்கியது. தாளை அதில் போட்டேன், பச்சை வாடை எழுந்தது. தேங்காய் அரைக்க வேண்டும், மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். போனில் ஒரு தலையணையின் பூப்போட்ட உறை, அதில் அவள் கன்னம் அமுங்கியிருந்தது. விளக்கை அணைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன். குறட்டை, மெல்லிசாக, இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை நின்று, மறுபடி. மிக்ஸியைச் சுவிட்ச் போடப் போன கையை எடுத்துவிட்டேன். தேங்காயைத் துருவலாகவே போட்டுக் கிளறினேன், கரண்டி பாத்திரத்தில் படாமல். எண்ணெய்க் கிண்ணத்தையும் கடுகு டப்பாவையும் எடுத்துவைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கடுகு வெடித்தால் எழுந்துவிடுவாள். தாளிக்காமலே இறக்கினேன்.